கைப்பேசியும் களத்துமேடும்



பட்டமும் பட்டயமும் பெற்றுவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் இன்று ஊர்தோறும் உள்ளனர். வானம் பார்த்த பூமியில் இத்திண்டாட்டம் இன்னும் அதிகம். ராமநாதபுரம் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவித்த 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து இடம் பெற்றவை விருதுநகரும் ராமநாதபுரமும் ஆகும். இங்குள்ள இளைஞர்கள் பலர் சென்னைக்கும், திருப்பூருக்கும், வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் செல்கின்றனர். ஊரிலேயே தொழில் செய்ய வழி உண்டா என்பதை இவ்வுரையில் காண்போம்.

கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. ஆனால் கைப்பேசியில் படம் பார்ப்பது வேறு. அதைக் கொண்டு தொழில் நடத்துவது வேறு. விலை அறிதல், வரவு செலவு எழுதுதல், பொருளை வாங்குவோருக்குக் காட்டி விற்றல், பணத்தைப் பாதுகாப்பாகப் பெறுதல் ஆகிய நான்கும் தெரிந்தால்தான் அது தொழில் திறன் ஆகும். இத்திறனை உங்கள் ஊரில் விளையும் பொருளோடு சேர்க்க வேண்டும்.

முதுகுளத்தூர், கமுதி, பரமக்குடி பகுதிகளில் மானாவாரியாக விளையும் குண்டு மிளகாய்க்கு 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. இதனால் மட்டும் விலை உயர்ந்துவிடாது. அக்குறியீட்டைப் பயன்படுத்த விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சரக்கும் அதற்கு ஏற்ற தரத்தில் இருக்க வேண்டும். பழத்தை மண் தரையில் பரப்பாமல் தார்ப்பாய் அல்லது சுத்தமான சிமெண்ட் களத்தில் காயவைத்து, ஈரப்பதம் சுமார் 10 சதவீதத்திற்கு வந்தபின் மூட்டை பிடிப்பது நல்லது. ஈரத்தோடு கட்டினால் பூஞ்சாணம் பிடிக்கும். நிறம் வெளுத்தவற்றைப் பொறுக்கி நீக்க வேண்டும். எவ்வளவு அழகாகப் படம் எடுத்து அனுப்பினாலும், களத்தில் கெட்ட சரக்கை அது நல்லதாக்காது.

அடுத்தது கணக்கு. தொடங்கும் பலர் தடுமாறும் இடம் இதுதான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கிலோ 200 ரூபாய் வீதம் 100 கிலோ வற்றல் வாங்குவதாகக் கொள்வோம். முதல் 20,000 ரூபாய். தரம் பிரித்ததில் 5 கிலோ கழிந்து 95 கிலோ நிற்கிறது. தரம் பிரித்துக் கட்ட ஆள் கூலி 2,000 ரூபாய். ஒரு கிலோ பை, அச்சுச் சீட்டு இவற்றிற்குப் பைக்கு 10 ரூபாய் வீதம் 950 ரூபாய். தபாலிலோ கூரியரிலோ அனுப்ப, பைக்கு 60 ரூபாய் வீதம் 5,700 ரூபாய். மொத்தச் செலவு 28,650 ரூபாய். 'இருநூறுக்கு வாங்கி முந்நூறுக்கு விற்கிறோம், கிலோவுக்கு நூறு ரூபாய் மிச்சம்' என்று தோன்றும். ஆனால் 95 பைகளையும் விற்றால் வருவது 28,500 ரூபாய். 150 ரூபாய் நட்டம்!

அதே 95 பைகளை ஐந்தைந்தாகச் சேர்த்து, 19 பொட்டலங்களாகக் கடைகளுக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். பொட்டலத்துக்கு 140 ரூபாய் என்றால் அனுப்பும் செலவு 2,660 ரூபாய்தான். விலை மாறாமலேயே நட்டம் நீங்கி 2,890 ரூபாய் மிஞ்சுகிறது. உங்கள் ஊர் விலையையும் கட்டணத்தையும் போட்டு இக்கணக்கை நீங்களே செய்து பாருங்கள். இதற்குக் கைப்பேசியில் உள்ள கணக்குத்தாள் போதும்.

விலை நிலவரத்தை 2018-இல் வெளியான உழவன் செயலியில் பார்க்கலாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களை இணைக்கும் தேசிய மின்னணு வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14 அன்று தொடங்கப்பட்டது. சிறு தொழிலைப் பதிவு செய்யும் உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. பதிவு செய்து தருவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் ஏமாற வேண்டாம். உணவுப் பொருளைப் பையிலிட்டு விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தேவை. எடை, விலை, கட்டிய நாள் முதலியவற்றைப் பையின்மேல் அச்சிட வேண்டும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. உங்களுக்கு வரவேண்டிய பணத்தைப் பெற ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. பணம் கொடுப்பதற்குத்தான் அந்த எண். 'பணம் அனுப்புகிறேன், எண்ணைப் போடுங்கள்' என்று எவரேனும் சொன்னால் அது மோசடி. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

பெற்றோர்களே! ஒரு பருவத்து விளைச்சலில் இரண்டு மூட்டையை மட்டும் மகனிடமோ மகளிடமோ ஒப்படையுங்கள். மற்றதை வழக்கம்போல் விற்றுக்கொள்ளலாம். முதல் பருவத்தில் லாபத்தைக் கேட்பதைவிடக் கணக்கைக் கேளுங்கள். யாரிடம் வாங்கினாய், யாருக்கு விற்றாய், எங்கே செலவு கூடியது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை தொழிலுக்குத் தயாராகிவிட்டது என்று பொருள்.

இளைஞர்களே! கடன் வாங்குமுன் இரண்டு மூட்டையில் கற்றுக்கொள்ளுங்கள். தனியாகத் தொடங்க இயலாதவர்கள் நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒருவர் தரம் பிரிக்க, ஒருவர் கணக்கெழுத, ஒருவர் வாங்குவோரிடம் பேசலாம். உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தையும் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகுங்கள். அடுத்த அறுவடைக்கு முன்பே கணக்கைத் தொடங்குவீர்களாக!