எழுத்துப் பெயர் பெற்ற மின்கலங்கள்



சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால் வீட்டார் சிறுவனைக் கடைக்கு அனுப்புகின்றனர். பழைய மின்கலத்தை அவன் கையோடு கொண்டுசெல்ல வேண்டியதில்லை. 'ஏ ஏ அளவு' என்று கேட்டாற் போதும். கடைக்காரர் கொடுப்பது எந்த நாட்டிற் செய்யப்பட்டதாயினும் கடிகாரத்திற் சரியாகப் பொருந்தும். இவ்வசதி தானாக வந்ததன்று.

கடைகளில் ஏ ஏ உண்டு; ஏ ஏ ஏ உண்டு; சீயும் டீயும் உண்டு. தனி ஏயும் பீயும் எங்கே போயின?

திரவம் நிறைந்த கண்ணாடிச் சாடியாக இருந்த மின்கலத்தை, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க உலர்கலமாக 1886ஆம் ஆண்டில் ஆக்கியவர் ஜேர்மானியரான கார்ல் காஸ்னர். பத்து ஆண்டுகளின் பின், அமெரிக்காவின் நஷனல் காபன் கம்பனி ஆறு அங்குல உயரமுள்ள உலர்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுத்து ரோச் விளக்குகள் தோன்றின. உற்பத்தியாளர் பலராயினர், ஒவ்வொருவரும் தத்தம் அளவுகளையும் பெயர்களையும் வழங்கினர். ஒருவரது விளக்குக்கு மற்றவரது கலம் பொருந்துமென்ற உறுதி இல்லை.

முதலாம் உலகப் போர்க்காலத்தில் இக்குறை பெரிதாகத் தெரிந்தது. அமெரிக்க அரசினரும் உற்பத்தியாளரும் கூடிப் பொது அளவுகளை ஆராய்ந்தனர். 1919இல் அந்நாட்டு நியமங்கள் பணியகம் அவற்றை வெளியிட்டது. 1924இல் மீண்டும் கூடிப் பெயர்முறையை வகுத்தனர். மிகச் சிறியது ஏ; அதனிற் பெரியவை முறையே பீ, சீ, டீ. பழைய ஆறங்குலக் கலம் மட்டும் 'இலக்கம் 6' என்ற தன் பெயரை இழக்கவில்லை.

ஏயினும் சிறிய கலங்களுக்குப் பெயரிட வேண்டியபோது ஓர் இடர்ப்பாடு எழுந்தது. ஆங்கில நெடுங்கணக்கில் ஏக்கு முன்னர் எழுத்து இல்லை. ஆகவே அவ்வெழுத்தையே இரட்டித்தனர். இன்னும் சிறியதற்கு மும்மடங்காக்கினர். ஏ ஏ அளவு 1947இல் அமெரிக்க நியமத்துட் சேர்ந்தது. ஏ, பீ ஆகியவற்றை வேண்டிய கருவிகள் அருகவே, அவையும் கடைகளில் அரிதாயின.

பழைய வால்வு வானொலிப் பெட்டிகளிலும் ஏ, பீ, சீ எனும் பற்றரிகள் இருந்தன. அங்கே எழுத்துக் குறித்தது அளவையன்று, தொழிலை. வால்வின் இழையைச் சூடேற்றியது ஏ. தகட்டுக்கு உயர் மின்னழுத்தம் தந்தது பீ. நெய்யரிக்கு உரியது சீ.

பெரிய கலத்தில் அழுத்தம் மிகுதி என்று பலர் எண்ணுவதுண்டு. அது பிழை. ஏ ஏ ஏ முதல் டீ வரை யாவும் 1.5 உவோற்றுக் கலங்களே. டீ கலத்தில் இரசாயனப் பொருள் அதிகம். அதனால் நெடுநேரம் உழைக்கும்.

இன்று சர்வதேசக் குறியீடுகளும் வழக்கில் உள்ளன. ஏ ஏ அளவு 'ஆர் 6' எனவும், டீ அளவு 'ஆர் 20' எனவும் குறிக்கப்படும். கலத்தின் உறையில் இவற்றைக் காணலாம்.

கைத்தொலைபேசிகளின் மின்கலங்களுக்கு இத்தகைய பொது அளவு இல்லை. உரிய கலம் கிடையாதபோது, பழுதில்லாத தொலைபேசியும் பயனற்றுப் போகின்றது. போட்டியாளராயிருந்தும் ஒரு மேசையிலமர்ந்து அளவில் ஒன்றுபட்டோரின் உழைப்பினாலேயே, இன்று சிறுவன் வெறுங்கையோடு கடைக்குச் சென்று சரியான கலத்துடன் வீடு திரும்புகின்றான்.