கடைசிப் பெட்டியின் காவலர்



பயணிகள் வண்டி நிலையத்தை அடையும்போது அதனை எதிர்கொள்வோர் பலர். உறவினரைத் தேடுவோரும், இடம் பிடிக்க விரைவோரும், கடலை விற்போருமாக மேடை முழுவதும் ஆரவாரமாய் இருக்கும். சரக்கு வண்டி வரும்போதோ எவரும் எழுந்து நிற்பதில்லை. இரும்புப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று கடந்து செல்லும். அவ்வரிசையின் முடிவிற் சிறியதொரு பெட்டி வரும். அதன் வாயிலிற் கையிற் கொடியுடன் ஒருவர் நிற்பார். அவரையே 'கார்ட்' என்று வழங்குகின்றோம். வண்டியை ஓட்டுபவர் சாரதி. ஆயினும் வண்டி முழுவதற்கும் பொறுப்பாளர் இந்தக் கார்ட்டே.

இலங்கையிற் புகையிரதம் வந்த வரலாற்றை நோக்கினால், சரக்கே முன்னுரிமை பெற்றதென்பது விளங்கும். மலைநாட்டிலே விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுவரும் நோக்குடனேயே இருப்புப்பாதை போடப்பட்டது. 1864ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் முதல் வண்டி அம்பேபுசை வரை ஓடிற்று. 1867இற் பாதை கண்டியை அடைந்தது. கோப்பிச் செடி நோயால் அழிந்தபின் அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1924இற் பதுளை வரை பாதை நீண்டது. வடக்கே காங்கேசன்துறையில் 1950இற் சீமெந்துத் தொழிற்சாலை தோன்றியபின், சீமெந்து மூடைகள் தெற்கு நோக்கிப் பயணஞ் செய்தன. 1990இற் போர் காரணமாக அவ்வழி மூடப்பட்டது. யாழ்ப்பாணத்துக்கு 2014இலும், காங்கேசன்துறைக்கு 2015இலும் வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கின. இவ்வளவு மாற்றங்களுக்கும் இடையே, சரக்கு வண்டிக் கார்ட்டின் கடமை அடிப்படையில் மாறாது நின்றது.

அவருடைய நாள் விடியலில் தொடங்குவதென்று சொல்ல முடியாது. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கும், மற்றொரு நாள் நள்ளிரவு கழிந்தபின்னும் அவருக்கு அழைப்பு வரும். சிவப்பு, பச்சைக் கொடிகள், கைவிளக்கு, ஊதுகுழல், விதிநூல், பதிவுப் புத்தகம், தண்டவாளத்தில் வைக்கும் எச்சரிக்கை வெடிகள் ஆகியன அடங்கிய பெட்டியுடன் அவர் நிலையம் சேர்வார். பிள்ளைகள் உறங்கும் வேளையில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, அவர்கள் பாடசாலைக்குச் சென்றபின் திரும்பும் தந்தை அவர்.

புறப்படுமுன் அவர் செய்யும் முதல் வேலை நடத்தல். வண்டியின் முழு நீளத்துக்கும் நடந்து ஒவ்வொரு பெட்டியின் இலக்கத்தையும் குறித்துக்கொள்கின்றார். கொளுவிகள் சரிவர இணைந்துள்ளனவா, கதவுகளின் முத்திரை உடையாதிருக்கின்றதா, சுமை ஒரு பக்கம் சாய்ந்துள்ளதா என்று பார்க்கின்றார். அதன்பின் பிறேக்கைப் பரிசோதிக்க வேண்டும். எஞ்சினிலிருந்து கடைசிப் பெட்டி வரை ஒரு குழாய் ஓடுகின்றது. அதனுள்ளிருக்கும் காற்றை எஞ்சின் உறிஞ்சும்போது பிறேக்குகள் சக்கரங்களை விட்டு விலகும். காற்று உட்புகுந்தால் அவை இறுகும். கார்ட் தமது பெட்டியிலுள்ள வால்வைத் திறந்து காற்றை உள்ளே விடுகின்றார். எஞ்சினிலுள்ள மானியின் முள் உடனே இறங்குமாயின், குழாய் இடையில் எங்கும் அடைபடவில்லையென்று இருவருக்கும் தெரியும். முன்னும் பின்னும் நிற்கும் இரு மனிதர் ஒருவரையொருவர் காணாமலே பேசிக்கொள்ளும் மொழி இது.

இப்பரிசோதனையின் அருமையை உணர ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவுகூரலாம். 1889ஆம் ஆண்டு ஜூன் மாதம் அயர்லாந்திலுள்ள ஆர்மா நகருக்கு அருகே, ஏற்றத்தில் ஏற முடியாது நின்ற ஓர் உல்லாசப் பயண வண்டியை இரண்டாகப் பிரித்தனர். பின்பகுதியை நிறுத்தி வைத்திருந்தது கார்ட்டின் கைப்பிறேக்கு ஒன்றே. அது தாங்கவில்லை. பெட்டிகள் பின்னோக்கி உருண்டு, தொடர்ந்து வந்த வண்டியில் மோதின. ஏறத்தாழ 80 பேர் மாண்டனர். அவர்களுட் சிறுவர் பலர். தொடர்பு அறுந்தாற் தானாகவே இறுகும் தொடர்பிறேக்கைப் பயணிகள் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கும் சட்டம் அவ்வாண்டே பிரித்தானியாவில் இயற்றப்பட்டது.

நமது மலைநாட்டுப் பாதையோ 44 அடி நீளத்துக்கு ஓர் அடி உயரும் ஏற்றங்களையுடையது. அங்கு கொளுவி ஒன்று அறுந்தால் என்ன நேரும் என்பதைக் கார்ட் ஒருபோதும் மறப்பதில்லை.

வண்டி நகர்ந்தபின் அவர் உறங்கிவிடலாமென்று எண்ணுதல் தவறு. வளைவு வரும்போதெல்லாம் வெளியே தலையை நீட்டி வண்டியின் நீளத்தைப் பார்க்கின்றார். அச்சு சூடேறினால் முதலிற் புகைந்த எண்ணெயின் நாற்றம் வரும். பின்னர் புகை தோன்றும். நிலையங்களைக் கடக்கும்போது சாரதி பின்னே திரும்பிப் பார்ப்பார். இருளிற் பச்சை விளக்கொன்று அசைந்தால், வண்டி முழுமையாய் வருகின்றதென்று அவர் மனம் அமைதியடையும்.

கடைசிப் பெட்டியின் பின்னே எரியும் சிவப்பு விளக்குக்கும் பெரும் பொருள் உண்டு. ஒற்றைப் பாதையில் இரு நிலையங்களுக்கிடையே ஒரு வேளையில் ஒரு வண்டி மட்டுமே செல்லலாம். அதற்கு அடையாளமாகச் சாரதியிடம் 'ரப்லெற்' என்னும் வட்டத் தகடு கொடுக்கப்படும். வண்டி வந்து சேர்ந்ததும் நிலைய அதிபர் பார்ப்பது அந்தக் கடைசி விளக்கையே. அது காணப்படாவிட்டால், பெட்டிகள் சில வழியிலே தங்கிவிட்டனவோ என்ற ஐயம் பிறக்கும். அடுத்த வண்டிக்கு அவர் வழிவிடமாட்டார்.

சரக்கு வண்டிக்குக் காத்திருத்தலே பெரும் வேலை. தபால் வண்டிக்கும் கடுகதி வண்டிக்கும் வழிவிட்டு அது பக்கத் தண்டவாளத்தில் ஒதுங்கி நிற்கும். மாகோவிலோ கல்லோயாச் சந்தியிலோ அவ்வாறு நிற்கும் வேளையிற் கார்ட் தமது சோற்றுப் பார்சலை அவிழ்ப்பார். சுற்றிலும் காடும் பனியும். அப்பகுதியில் யானைகள் பாதையைக் கடப்பதுண்டு. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹபரணை அருகே பயணிகள் வண்டியொன்று யானைக் கூட்டத்தின்மீது மோதியதில் யானைகள் பல இறந்தன, வண்டியும் தடம்புரண்டது.

இடைவழியில் வண்டி நின்றுவிட்டால், கார்ட்டின் உண்மையான சோதனை அப்போதே தொடங்குகின்றது. அவர் விளக்குடன் இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்து, விதிநூல் குறித்த தூரங்களில் எச்சரிக்கை வெடிகளைத் தண்டவாளத்தில் வைக்க வேண்டும். பின்னால் வரும் எஞ்சின் அவற்றின்மீது ஏறினால் வெடியொலி கேட்டுச் சாரதி நிறுத்துவார். மழை பெய்கின்றது, இருள் சூழ்ந்திருக்கின்றது, பின்னால் வண்டி எதுவும் வாராதென்றே அறிவு சொல்கின்றது. நடக்காமலே நடந்ததாகப் பதிவுப் புத்தகத்தில் எழுதிவிட்டால் அறிபவர் யார்? அந்த எண்ணம் எந்த மனிதனுக்கும் வரக்கூடியதே. ஆயினும் நல்ல கார்ட் நடக்கின்றார். நூறு இரவுகள் அந்த நடை வீணாகலாம். நூற்றோராவது இரவில் அதுவே பல உயிர்களைக் காக்கும். அந்த இரவு எதுவென்று முன்கூட்டி அறிய வழியில்லை.

உலகிற் பல நாடுகளில் இன்று கடைசிப் பெட்டி மறைந்துவருகின்றது. அமெரிக்காவில் 1980களில் மின்கருவியொன்று அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் 2022 ஜனவரியிற் கார்ட் என்ற பெயரே 'வண்டி மேலாளர்' என்று பொருள்படும் பெயராக மாற்றப்பட்டது. நம் நாட்டிலும் லொறிகள் பெருகியதாற் சரக்கில் மிகச் சிறு பங்கே புகையிரதத்துக்குக் கிடைக்கின்றது. குழாயிற் காற்றின் அளவைக் கருவி காட்டலாம். மழையில் இறங்கி நடப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் நேர்மையை எக்கருவியிலும் பொருத்த முடியாது.

நமது அடுப்பங்கரையில் உள்ள மாவும், விளக்கை ஏற்றும் எண்ணெயும், சுவரிற் பூசிய சீமெந்தும் எத்தனையோ இரவுகள் விழித்திருந்தவர் காவலில் வந்திருக்கலாம். அவர்கள் பெயர் எந்தப் பொதியிலும் எழுதப்படுவதில்லை. பார்ப்பார் இல்லாத இடத்திலும் கடமையைக் குறைவறச் செய்பவர்களைக் கொண்டே ஒரு நாடு நிலைபெறுகின்றது.