பழைய சிறு கார் வாங்கும் முன்

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பத்தார் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்வது ஒரு காலத்தில் எளிய காரியமாக இருக்கவில்லை. அம்பாஸடரும் பியட்டுமே பெரும்பாலும் சாலைகளில் ஓடிய அந்நாட்களில், பணம் கட்டியவர்களும் தம் முறை வரும் வரையில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பின்னர் நிலைமை மாறத் தொடங்கிற்று. இன்று, ஒருவர் நாலைந்து ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் சிறு கார், மற்றொரு குடும்பத்தின் முதற் காராக அமைவது ஊர்தோறும் காணும் காட்சி. இதில் குறைவு ஏதுமில்லை. புதுக் காரின் மதிப்பு மிக விரைவாகத் தேய்வது அதன் முதற் சில ஆண்டுகளிலேதான். அந்தத் தேய்மானத்தை முதற் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டபின் வாங்குகிறவர் சிக்கனமானவரே.

ஆயினும், புதுக் காருக்கும் பழைய காருக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஒரே மாதிரியான புதுக் கார்கள் இரண்டில் எதை எடுத்தாலும் ஒன்றே. பழைய கார்களிலோ, ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை இரண்டு, வளர்ந்த விதத்தால் முற்றிலும் வேறாகிவிடும். ஆகவே, பழைய கார் வாங்குகிறவர் உண்மையில் விலை கொடுப்பது அந்தக் கார் இதுவரை வாழ்ந்த வாழ்க்கைக்கே. அந்த வாழ்க்கையை அறிந்துகொள்ளாமல் வண்ணப்பூச்சின் பளபளப்பைக் கண்டு மயங்கினால், மலிவாக வந்த வண்டியே வீட்டுச் சேமிப்பைக் கரைத்துவிடும்.

முதலில், எத்தகைய காரைத் தேடுவது என்று பார்ப்போம். நமக்கு எது பிடிக்கிறது என்பதைக் காட்டிலும், நம் ஊர் மெக்கானிக்குக்கு எது பழக்கம் என்பதே பெரிது. ஆல்டோ, வாகன்-ஆர், ஸ்விப்ட், ஐ10 போன்று பல்லாண்டுகள் பெருவாரியாக விற்ற கார்களுக்குச் சிற்றூரிலும் உதிரிப்பாகம் கிடைக்கும். திரும்ப விற்பதும் எளிது. செவர்லே கார்களின் விற்பனை 2017-இல் நம் நாட்டில் நிறுத்தப்பட்டது. போர்டு நிறுவனமும் இங்கே கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. இவை மலிவாகக் கிடைக்கலாம். ஓட்டுவதற்கும் நன்றாக இருக்கலாம். ஆனால் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும், எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று விசாரித்த பின்னரே இவற்றின் மலிவை மலிவு என்று கொள்ள வேண்டும்.

அடுத்தது, காரின் வயது. பெரும்பாலோர் வயதை விலைக்காக மட்டுமே கேட்கிறார்கள். உயிருக்காகவும் கேட்க வேண்டும். 2014-ஆம் ஆண்டில் குளோபல் என்காப் என்னும் அமைப்பு, இந்தியாவில் விற்ற சிறு கார்கள் ஐந்தை, காற்றுப்பை இல்லாத வகைகளாக எடுத்து மோதிச் சோதித்தபோது, பெரியவர்களின் பாதுகாப்பில் அவற்றுள் ஒன்றுகூட ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அதன்பின் சட்டம் படிப்படியாக இறுகியது. திடீரெனப் பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலை முதலும் புதிதாகச் செய்யப்படும் கார்களில் கட்டாயமாயின. முன்னிருக்கையில் உடன் அமர்பவருக்குரிய காற்றுப்பை, ஏற்கனவே விற்பனையிலிருந்த மாதிரிகளுக்கும் 2021 டிசம்பர் இறுதியிலிருந்து கட்டாயமாயிற்று. எனவே, 2018-இல் செய்த காருக்கும் 2020-இல் செய்த காருக்கும் சில ஆயிரங்களே வித்தியாசம் என்றால், குழந்தைகளை ஏற்றிச் செல்கிற குடும்பத்தார் பிந்தியதைத் தேர்வதே அறிவுடைமை. பழையதைத்தான் வாங்க முடியும் எனின், அதே மாதிரியில் காற்றுப்பையுடன் வந்த உயர்வகையைத் தேட வேண்டும்.

இனி விலை. வியாபாரி சொல்லும் விலையை மதிப்பிட நம்மிடம் ஓர் அளவுகோல் வேண்டும். இன்ஷூரன்ஸ் துறையில் காரின் மதிப்பைக் கணக்கிடும் முறை அதற்கு உதவும். அதன்படி, காரின் வயது ஓராண்டைத் தாண்டி இரண்டுக்குள் இருந்தால் 20 சதவீதமும், மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். சந்தை விலை இதிலிருந்து சற்று ஏறலாம், இறங்கலாம். ஆனால் மிகவும் விலகியிருப்பின் காரணம் கேட்க வேண்டும். இன்னொன்று: 2025 செப்டம்பர் 22 முதல் சிறு கார்களின் மீதிருந்த ஜி.எஸ்.டி. வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதன் மேலிருந்த கூடுதல் தீர்வையும் நீங்கிற்று. புதுக் காரின் விலை இறங்கியபின், இறக்கத்துக்கு முந்தைய விலையை வைத்துப் பழைய காருக்குக் கணக்குச் சொல்வது பொருந்தாது. வரியைப் பற்றி வியாபாரிகள் சிலர் வாங்குபவரைக் குழப்புவதும் உண்டு. பழைய கார் விற்கும் பதிவு பெற்ற வியாபாரி ஜி.எஸ்.டி. செலுத்துவது பொதுவாகத் தமக்குக் கிடைக்கும் லாபத்தின் மீதே. மூன்று லட்சத்துக்கு வாங்கி மூன்றரை லட்சத்துக்கு விற்றால், இடையிலுள்ள ரூ. 50,000-க்குத்தான் 18 சதவீதம். முழு விலைக்கும் அன்று.

வியாபாரியைத் தேர்வது காரைத் தேர்வதில் பாதி. மோட்டார் வாகன விதிகளில் 2022 டிசம்பரில் செய்யப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஒன்று இவ்விஷயத்தில் வாங்குபவருக்குத் துணை செய்கிறது. அதன்படி, பழைய வண்டி விற்கும் வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும். ஒரு காரைச் சொந்தக்காரரிடமிருந்து பெற்றுக்கொண்டதும் அதை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அது முதல் விற்கும் வரை வியாபாரியே சொந்தக்காரராகக் கருதப்படுவார். வண்டியின் பொறுப்பு அவரையே சாரும். அங்கீகாரமின்றி, யாரோ ஒருவரின் பெயரிலிருக்கும் காரைத் தெருவோரத்தில் நிறுத்தி விற்பவரிடம், பின்னால் தகராறு எழுந்தால் முகவரி தேடுவதே பெரும்பாடாகும். ஆகவே, "ஐயா, தங்கள் அங்கீகாரச் சான்றைக் காட்டுங்கள்" என்று கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. நல்ல வியாபாரி அதைச் சுவரிலேயே மாட்டியிருப்பார்.

பின்னர் ஆவணங்கள். ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றின் மூலத்தைப் பார்க்க வேண்டும். நகலைக் கண்டு திருப்தி அடையலாகாது. அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பவையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவின் நிலை, இன்ஷூரன்ஸ் முடியும் தேதி போன்ற விவரங்களும், கட்டாமல் விட்ட அபராதங்களும் தெரியவரும். எத்தனை கைகள் மாறியது, வாடகை வண்டியாக ஓடியதா என்பதையும் கேட்டறிய வேண்டும். கடன் வாங்கி எடுத்த காராயின் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் குறிக்கப்பட்டிருக்கும். அந்த வங்கி கொடுத்த ஆட்சேபணையின்மைக் கடிதமும், கையொப்பமிட்ட 35-ஆம் நமூனாவும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுத்தல் கூடாது. வேற்று மாநிலத்துக் கார் மலிவாகத் தோன்றலாம். அங்கிருந்து ஆட்சேபணையின்மைச் சான்று பெறுவதற்கும் நம் மாநிலத்தில் மீண்டும் வரி கட்டுவதற்கும் ஆகும் தொகையைக் கூட்டிப் பார்த்தால் மலிவு பல சமயம் மறைந்துவிடும்.

ஆவணங்கள் சரியெனில் காரை நெருங்கலாம். பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்; மழையில் நனைந்த கார் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் குனிந்து நோக்கினால் டிங்கரிங் செய்து பட்டி பூசிய இடம் அலையலையாகத் தெரியும். கதவுகளுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள சந்து எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பானெட்டையும் கதவுகளையும் தாங்கும் போல்ட்டுகளில் சாயம் பெயர்ந்திருந்தால் அவை ஒருமுறை கழற்றப்பட்டவை. கண்ணாடிகள் யாவிலும் செய்த ஆண்டின் குறியீடு இருக்கும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கத்தில் நேர்ந்தது என்ன என்று வினவ வேண்டும். சிறு கீறலும் நசுக்கலும் குற்றமன்று. காரின் முன்புறச் சட்டமும் தூண்களும் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் அதனை வாங்கவே கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார் இதனினும் அபாயம். 2005-இல் மும்பையிலும், 2015-இல் சென்னையிலும், 2018-இல் கேரளத்திலும் பெருவெள்ளத்தில் கார்கள் மூழ்கியதை நாம் அறிவோம். அத்தகைய கார்களைத் துடைத்து, வாசனை தெளித்து, வேற்றூரில் விற்பதும் நடக்கிறது. தரைவிரிப்பைத் தூக்கி அடியில் ஈரமும் வண்டலும் உண்டா என்று பார்க்க வேண்டும். இருக்கையின் அடிச்சட்டத்தில் துரு ஏறியிருக்கிறதா, இருக்கைப் பட்டையை முழுவதும் இழுத்தால் நீர் நின்ற கறைக்கோடு தெரிகிறதா, விளக்கின் உட்புறம் மங்கியிருக்கிறதா என்றும் காண வேண்டும். மின்கம்பிகளில் நீர் புகுந்த கார் இன்று ஓடும், நாளை ஓடும்; என்று நிற்கும் என்று எவராலும் சொல்ல இயலாது.

ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை அப்படியே நம்பலாகாது. அதைக் குறைத்து வைப்பதும் ஒரு தொழிலாக இருந்துவருகிறது. 25,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்ட, கிளட்ச் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்தும் ஓட்டுநர் இருக்கை அமுங்கியும் கிடந்தால் அவை வேறு கணக்குச் சொல்கின்றன. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்பது பொருள். எல்லாவற்றினும் சிறந்த சாட்சி, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் உள்ள பதிவேடே. ஒவ்வொரு முறையும் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்பது அங்கே இருக்கும். ஒழுங்காக எண்ணெய் மாற்றிய 70,000 கிலோமீட்டர் கார், கவனிப்பாரற்றுக் கிடந்த 30,000 கிலோமீட்டர் காரைவிட மேலானது.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பிப் பார்க்க வேண்டும். நாம் வருமுன்பே வியாபாரி அதைச் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். புகைக்குழாயில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் என்ஜின் எண்ணெயைத் தின்கிறது. எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். பிறகு மேடு பள்ளமான சாலையில் அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். பிரேக் ஒருபக்கம் இழுக்கிறதா, மேடேறும்போது கிளட்ச் வழுக்குகிறதா, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரத்தில் சத்தம் கேட்கிறதா என்பவை அப்போது விளங்கும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட கார்களில் பல, 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை எண்ணிச் செய்யப்பட்டவையல்ல. எரிபொருள் செல்லும் ரப்பர்க் குழாய்களையும் சோதிப்பது நன்று. எரிவாயுவில் ஓடுவதாயின் சிலிண்டரின் மூன்றாண்டுச் சோதனைச் சான்று நிலுவையின்றி இருக்க வேண்டும்.

இவ்வளவையும் நாமே செய்ய வேண்டியதில்லை. வியாபாரியோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்லலாம். ஒரு கணக்கைப் பாருங்கள். மூன்று லட்ச ரூபாய்க் காருக்கு நான்கு டயர்கள், ஒரு பாட்டரி, ஒரு கிளட்ச் மாற்ற வேண்டியிருந்து, அதற்கு ரூ. 35,000 ஆகும் என்று கொள்வோம். பக்கத்தில் ரூ. 3,20,000 சொல்லப்படும் கார் இவை யாவும் புதிதாக உள்ளதெனில், அதிகம் சொல்லப்பட்ட காரே மலிவானது. மெக்கானிக்குக்குக் கொடுக்கும் சிறு கூலி இந்த உண்மையைத் தெரிவிக்கும்.

முடிவாகப் பணம் கொடுக்கும் கட்டம். முன்பணம் கொடுத்தால், எந்தக் குறை வெளிப்பட்டால் அது திரும்பக் கிடைக்கும் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுதலை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வங்கி மூலம் செலுத்துவதே நமக்கும் காப்பு. "விபத்தில் சிக்காதது", "இன்ன உத்தரவாதம்" என்று வாயால் சொன்னவற்றை விலைப்பட்டியலிலே எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுக்கப்படும் உத்தரவாதம் உத்தரவாதமன்று. எழுத்தில் உள்ளது மீறப்பட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம்.

காரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. பெயர் மாற்றத்துக்கு 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் பார்வையில் சொந்தக்காரர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில் தெளிவாக்கியிருக்கிறது. இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் நம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய சொந்தக்காரர் ஈட்டிய போனஸ் தள்ளுபடி அவரோடு போய்விடும். அந்தத் தொகையையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

சந்தையில் கார்கள் ஏராளம். நம் கையிலுள்ள பணமோ அளவானது. "இன்று விட்டால் நாளை கிடைக்காது" என்று அவசரப்படுத்தும் வியாபாரியிடம், "கிடைக்காவிட்டால் பரவாயில்லை" என்று சொல்லித் திரும்பி வரும் மனத்திடம் வாங்குபவருக்கு வேண்டும். காகிதத்தைக் காட்டவும், மெக்கானிக்கை அனுமதிக்கவும், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பவும் தயங்காத வியாபாரி கிடைக்கும் வரையில் தேடுவோம். அங்கே நிற்கும் கார் சற்றுப் பழையதாயினும், நம் குடும்பத்தைப் பத்திரமாக ஏற்றிச் செல்லும்.