முதல் கப்பல் யாருக்குக் கிடைக்கிறது?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். நான் கப்பலைப் பற்றிப் பேசப் போகிறேன். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது போகப் போகத் தெரியும். தென்மாவட்டக் கடற்கரையிலிருந்து வணிகக் கப்பல் வேலைக்குப் போகும் இளைஞர்களைப் பற்றித்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பயிற்சி நிலையங்களின் வாசலிலும், ஏஜெண்டுகளின் மாடிப்படியிலும், மும்பையில் கப்பலுக்குக் காத்திருக்கும் நம் பையன்கள் பத்துப் பேராகத் தங்கியிருக்கும் அறைகளிலும் உட்கார்ந்து கேட்டவைதான் இந்தப் பேச்சு.

கப்பலில் சேர முக்கியமான வாசல்கள் இரண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, நுழைவுத் தேர்வு எழுதி, அதிகாரி ஆவதற்கான படிப்பில் சேர்வது ஒன்று. பத்தாம் வகுப்பு முடித்து, ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சி பெற்று, டெக்கிலோ எஞ்சின் அறையிலோ கடைநிலை ஊழியராகப் போவது இன்னொன்று. முதல் வாசலில் நம் போராட்டத்தின் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். தலைமையிடம் சென்னை. அங்கே பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் இடம் உண்டு.

வகுப்பறை வரை சரி. அதற்குப் பிறகு?

மற்ற படிப்புகளில் இல்லாத ஒரு முடிச்சு இங்கே இருக்கிறது. பட்டம் வாங்கிவிட்டால் கப்பல் அதிகாரி ஆகிவிட முடியாது. டெக் பிரிவில் ஓராண்டு டிப்ளமோ படித்தவர் பதினெட்டு மாதமும், மூன்றாண்டு பி.எஸ்சி. படித்தவர் பன்னிரண்டு மாதமும் கேடட்டாகக் கடலில் இருந்த பிறகுதான் செகண்ட் மேட் சான்றிதழுக்கான தேர்வை எழுத முடியும். ரேட்டிங் பையனுக்கும் கடற்பணிக் காலம் சேர்ந்தால்தான் வாட்ச் கீப்பிங் சான்று. கம்பெனிகளோ அனுபவம் இருக்கிறதா என்று கேட்கின்றன. ஏறினால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் ஏற்றுவார்கள். முதல் முறை ஏற்றிவிடுகிறவன் கையில்தான் அந்தப் பையனின் மொத்தப் படிப்பும் இருக்கிறது. அந்த முதல் இடத்தைத் தருவது பல்கலைக்கழகம் அல்ல, அரசும் அல்ல. பெரும்பாலும் தனியார் கப்பல் கம்பெனிகளும் அவற்றுக்கு ஆள் எடுத்துத் தரும் நிறுவனங்களும்தான்.

காத்திருப்பது சும்மா இருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். கையில் இண்டோஸ் எண் இருக்கும், சி.டி.சி. என்கிற கப்பல்காரர் புத்தகம் இருக்கும், தீயணைப்பு, உயிர்காப்பு, முதலுதவி என்று கட்டாயப் பயிற்சிச் சான்றுகள் இருக்கும். இவற்றில் பல காலாவதியாகிறவை. மருத்துவச் சான்று அதிகபட்சம் இரண்டு ஆண்டு. வேலையே கிடைக்காதவன் மறுபடியும் டாக்டருக்குப் பணம் கட்டி, தான் வேலை செய்யத் தகுதியானவன் என்று எழுதி வாங்குகிறான். இப்படி மூன்றாவது முறை வாங்கிய ஒருவனைச் சந்தித்தேன். அவனுடைய அம்மா அந்த ஃபைலை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

ஏஜெண்ட் அலுவலகத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி மதிப்பெண் அல்ல. கப்பலில் உனக்கு ஆள் இருக்கா? மாமா கேப்டனா, சித்தப்பா சீஃப் எஞ்சினியரா, ஊரில் யாராவது போசன் வேலையில் இருக்கிறாரா? ஆள் இல்லாதவனுக்குத்தான் அடுத்த கேள்வி: எவ்வளவு தர முடியும்? என் சித்தி மகன் ஒரு ஏஜெண்டிடம் போனபோது ஊர்ப் பெயரோடு அவர் நிறுத்தவில்லை. எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னதும் ஃபைலை மூடிவிட்டு, சொல்லி அனுப்புகிறேன் என்றார். பிறகு சொல்லி அனுப்பியது லட்சக்கணக்கில் ஒரு தொகை. தெருவின் பெயர் என்ன வேலை செய்யும் என்பதை இந்த அரங்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதைத் தகுதி என்று சொல்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். சித்தப்பா என்பது எந்தத் தேர்வில் வரும் பாடம்?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தென்கடற்கரையின் சில மீனவ ஊர்களில், யாரோ ஒருவர் எப்படியோ கப்பலில் ஏறி, தம்பியை இழுத்துவிட்டு, தம்பி பக்கத்து வீட்டுக்காரனை இழுத்துவிட்டு, ஊரே கப்பல்கார ஊராகியிருக்கிறது. யாரும் கொடுக்காத வாசலை அவர்களே உடைத்துத் திறந்தார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஊரிலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே, உப்பளத்தில் கூலி வேலை செய்யும் தலித் குடும்பத்துப் பையனுக்கு இழுத்துவிட யாரும் இல்லை. சொந்தம் வழியாக வேலை என்கிற ஏற்பாட்டில், சொந்தம் எங்கே முடிகிறதோ அங்கே வேலையும் முடிகிறது. நம் நாட்டில் சொந்தம் எங்கே முடியும் என்பதைச் சாதிதானே முடிவு செய்கிறது?

சட்டம் என்ன சொல்கிறது? கப்பல் வேலை வாங்கித் தர மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. 1920இல் ஜெனோவாவில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட உடன்படிக்கையிலேயே, லாபத்துக்காக மாலுமிக்கு வேலை பிடித்துத் தரும் தொழில் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நடைமுறையில் உள்ள கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006ஐ இந்தியா 2015இல் ஏற்றது. அதன்படி பாஸ்போர்ட், கப்பல்காரர் புத்தகம், மருத்துவச் சான்று ஆகியவற்றின் செலவைத் தவிர, வேலைக்கென்று ஒரு பைசாவும் மாலுமியின் தலையில் விழக்கூடாது. ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு ஆர்.பி.எஸ்.எல். என்கிற உரிமம் கட்டாயம், அதற்கு 2016ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. உரிமம் பெற்றவர்களின் பட்டியல் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் இணையதளத்தில் எல்லாரும் பார்க்கக் கிடைக்கிறது.

அப்படியிருந்தும் வாங்குகிறார்கள். ரசீது இல்லாமல், ரொக்கமாக, பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில், ஆவணச் செலவு என்ற பெயரில். உரிமமே இல்லாத ஆளிடம் கொடுத்து ஏமாறுகிறவர்கள் நிலை இன்னும் மோசம். சுற்றுலா விசாவில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு அனுப்பப்படுவார்கள். அங்கே நிற்பது சம்பளம் தராத பழைய கப்பலாக இருக்கும். அதில் வேலை பார்த்த மாதங்கள் கடற்பணிக் காலமாகக் கணக்கில் ஏறுமா என்பதும் சிக்கல். முதலாளிகளால் நடுக்கடலில் கைவிடப்படும் மாலுமிகளில் இந்தியர்களே அதிகம் என்று 2024ஆம் ஆண்டுக்கான கணக்கில் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் சொன்னது. உங்கள் தெருவில் யாராவது கப்பலுக்குப் போவதாகச் சொன்னால், உரிம எண்ணையும் கையெழுத்தான ஒப்பந்தப் பிரதியையும் பார்த்தாயா என்று கேளுங்கள். வாழ்த்து சொல்வது அப்புறம்.

இது புதிய வியாதி அல்ல. வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம் மாலுமிகளை எடுத்துக்கொடுத்தவர்கள் சராங்குகளும் தரகர்களும். இடம் வேண்டுமென்றால் அவர்களுக்கு லஞ்சம். லஞ்சத்துக்குப் பணம் தங்கும் விடுதிக்காரனிடம் வட்டிக்குக் கடன். கப்பலில் சம்பாதிப்பது அந்தக் கடனை அடைக்கத்தான். அந்தக் கப்பல்களில் டோபாஸ் என்று ஒரு பதவி இருந்தது. கூட்டுவதும் கழிவறை கழுவுவதும்தான் அவர் வேலை. கடலைத் தாண்டியும் துடைப்பம் கூடவே வந்தது.

கடல் தாண்டினால் தீட்டு என்று சொன்ன சமூகம் இது. 1888இல் லண்டனுக்குப் படிக்கப் போன காந்தியை அவருடைய சாதியார் விலக்கி வைத்தார்கள். 1927இல் பம்பாயில் டஃப்ரின் பயிற்சிக் கப்பல் வந்து இந்தியர்களும் கப்பல் அதிகாரி ஆகலாம் என்று ஆனபோது, கட்டணம் கட்டிப் படிக்க வசதியுள்ள குடும்பங்கள்தான் அந்த வாசலுக்கு முதலில் வந்தன. பாய்லர் அறையில் வேகும்போது தீட்டாக இருந்த கடல், அதிகாரிச் சட்டை கிடைத்ததும் கௌரவமாகிவிட்டது.

சரி, என்ன கேட்கலாம்? தனியார் துறையில் இடஒதுக்கீடு என்றதும் நடக்காத காரியம் என்று நம்மில் பலரே சொல்லிவிடுகிறோம். கப்பல் துறையில் அது அவ்வளவு தூரத்தில் இல்லை. 2004 முதல் இந்தியக் கப்பல் கம்பெனிகளுக்கு டன்னேஜ் வரி என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. உண்மையான லாபத்துக்கு வரி போடாமல், கப்பலின் கொள்ளளவை வைத்து ஒரு வருமானத்தைக் கணக்கிட்டு அதற்கு வரி போடுவார்கள். பெரிய சலுகை அது. அதற்குச் சட்டத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: குறைந்தபட்ச எண்ணிக்கையில் பயிற்சி அதிகாரிகளுக்குக் கப்பலில் இடம் தர வேண்டும். அதாவது மக்கள் விட்டுக்கொடுக்கும் வரிக்குப் பதிலாகப் பயிற்சி இடம் கேட்கும் உரிமை அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த இடங்கள் யாருக்கு என்று கேட்பதுதான் பாக்கி.

இந்தியக் கொடிக் கப்பல்களில் இருக்கும் இடங்கள் கொஞ்சம்தான், நம் மாலுமிகளில் பெரும்பகுதியினர் அந்நியக் கொடிக் கப்பல்களில்தான் வேலை செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கப்பல்களுக்கு இங்கிருந்து ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு உரிமம் கொடுப்பது இந்திய அரசு. எத்தனை புதியவர்களை ஏற்றினாய், எப்படித் தேர்ந்தெடுத்தாய் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று உரிமத்தில் ஒரு வரி சேர்க்க என்ன தடை? பொதுத்துறையில் மிச்சமிருக்கும் இந்தியக் கப்பல் கழகத்தைத் தனியாருக்கு விற்க 2020இல் விருப்ப விண்ணப்பம் கேட்டார்கள். அப்போது அங்கே போகக்கூடிய இடஒதுக்கீட்டைப் பற்றி நம் தரப்பில் போதுமான சத்தம் எழவில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். டன்னேஜ் வரிச் சலுகை பெறும் கம்பெனிகள் கடந்த ஐந்து ஆண்டுகளில் ஏற்றிய பயிற்சி அதிகாரிகள் எத்தனை பேர்? அவர்களில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? காசு வாங்கியதாக வந்த புகார்களில் எத்தனை உரிமங்கள் ரத்தாயின? சாதிவாரிக் கணக்கு எங்களிடம் இல்லை என்று பதில் வந்தால் அதையே முதல் மேல்முறையீட்டில் எப்படிக் கேள்வியாக்குவது என்று சட்டக் கல்லூரித் தோழர்கள் பார்த்துச் சொல்லுங்கள். வரைவு பின்வரிசை மேசையில் இருக்கிறது. திங்கட்கிழமை அனுப்ப வேண்டும்.