வழி மறவாமல் ஓடுவோம்



தினமும் காலையில் வளாகத்தைச் சுற்றி நடக்கிறோம். நம் வயதில் முழங்காலைவிடப் பெரிய பயம், ஒருநாள் வழி மறந்துவிடுமோ என்பது. காலுக்கும் மூளைக்கும் சேர்த்து வேலை தரும் விளையாட்டு ஒன்று உண்டு: ஓரியன்டியரிங். 1897-இல் நார்வேயில் முதல் பொதுப்போட்டி நடந்தது.

கையில் வரைபடம், திசைகாட்டி. ஆரஞ்சு-வெள்ளைக் கொடி உள்ள இடங்களை வரிசைப்படி தொட்டு, குறைந்த நேரத்தில் முடிக்க வேண்டும். எந்தப் பாதை என்பது அவரவர் முடிவு. ஒரு கொடி விட்டாலும் ஓட்டம் செல்லாது. பேரேட்டில் ஒரு பதிவு விட்டால் டேலி ஆகாதே, அதுபோல.

பயிற்சி எளிது. வரைபடத்தின் வடக்கை நிஜ வடக்கோடு பொருத்திப் பிடியுங்கள். நிற்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நகர நகர விரலையும் நகர்த்துங்கள்.

நம் கடற்கரைக்கு இது அந்நியமில்லை. கரையிலுள்ள இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் சேர்த்துப் பார்த்து, கடலில் இடம் கண்டவர்கள் நம் மீனவர்கள்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 87 வயது வரை பங்கேற்றார்கள். இதில் தேர்ந்தவர்கள், வழியறிவும் நினைவும் தங்களுக்கு நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

ஒரு ஞாயிறு, செல்போனை வீட்டில் வைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளோடு முயல்வோமா? வளாக வரைபடம் நான் வரைந்து தருகிறேன்.