முகப்பைத் தாண்டி நேரே உள்ளே

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார்கள். மணி அடிப்பதற்குள் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்று ஒரு தீவுக்கூட்டம். ஜனத்தொகை இருபதாயிரத்துச் சொச்சம்தான். அங்கே 1872இல் தொடங்கிய 'ஷெட்லாந்து டைம்ஸ்' என்ற பத்திரிகை. அதன் முன்னாள் ஆசிரியரே 'ஷெட்லாந்து நியூஸ்' என்று இணையத்தில் ஒரு செய்தித்தளம் நடத்தினார். சின்ன ஊர்ப் பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா! டைம்ஸின் செய்தித் தலைப்புகளை அவர் தம் தளத்தில் போட்டார். தலைப்பை அமுக்கினால் டைம்ஸின் முகப்பைத் தொடாமல் நேரே அந்தச் செய்திக்கே போய்விடலாம். 'முகப்பில் விளம்பரம் வாங்கிப் பிழைக்கலாம் என்றிருந்தோம். வாசகர் கொல்லைப்புறமாக வந்து போனால் யார் விளம்பரம் தருவார்?' என்று டைம்ஸ் கோர்ட் ஏறியது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

1996 அக்டோபரில் எடின்பரோ நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. 1997 நவம்பரில் இரு தரப்பும் சமாதானமானார்கள். லிங்க் கொடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தலைப்பின் கீழும் 'இது ஷெட்லாந்து டைம்ஸ் செய்தி' என்று போட வேண்டும். பிறகு 2003இல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றமும், 2014இல் ஐரோப்பிய நீதிமன்றமும், எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைத்த பக்கத்துக்கு லிங்க் கொடுக்க அனுமதி தேவையில்லை என்று சொல்லிவிட்டன.

சட்டச் சண்டை அப்படி ஓய்ந்தது. ஆனால் எந்தக் கோர்ட்டும் சொல்லாமலே, எல்லாரையும் முகப்பிலேயே நிறுத்துகிற வேலையை நாமே செய்கிறோம். அதுதான் என் வருத்தம்.

என் அறைத்தோழன் மறைந்தபோது நம் சங்கத் தளத்தில் அஞ்சலி எழுதினேன். அந்தப் பக்கத்தின் முகவரியை அவன் மகளுக்கு அனுப்பினேன். போன வருஷம் தளத்தைப் புதுப்பித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முகவரியை அமுக்கினால் கட்டடப் படமும் அட்மிஷன் அறிவிப்பும் வருகிறது. 'அங்கிள், அப்பா பக்கத்தைக் காணோமே' என்று அந்தப் பெண் போன் பண்ணினாள். தேடிப் பார்த்தேன். கட்டுரை பத்திரமாக இருக்கிறது, வேறு முகவரியில்! அவளைப்போல இன்னும் எத்தனை பேர் பழைய முகவரியை வைத்துக்கொண்டு முகப்பில் நிற்கிறார்களோ.

நல்ல இணைய முகவரி மாறக்கூடாது என்று வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே எழுதிவிட்டார். மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடச் சர்வரில் வழி இருக்கிறது. '301' என்று சொன்னால் கம்ப்யூட்டர் சயின்ஸ் தம்பிகளுக்குப் புரியும். பழையது இது, புதியது இது என்று ஒரு பட்டியல் வேண்டும், அவ்வளவுதான்.

நூற்றுப்பத்துப் பழைய முகவரிகளை நான் எழுதி வைத்திருக்கிறேன். இதோ, பையில் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் யாராவது இரண்டு தம்பிகள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

மணி அடித்துவிட்டார்கள்.