சிறகு பெற்ற எறும்புகள்



எறும்பு என்றதும் அதன் உழைப்பும் சேமிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. அதன் திருமணத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. ஆண்டில் ஒருசில நாட்களில் மட்டும் எறும்புக் குடியில் பிறந்த ஆண்களும் இளம் அரசிகளும் சிறகுடன் மண்ணை விட்டு விண்ணில் எழுகின்றன. இதனை மணப்பறப்பு என்பர். அந்த நாளை முன்னறிவது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராயும் பொருள்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் 'குளிர்கால எறும்பு' என்றோர் இனம் உண்டு. ஏனைய எறும்புகள் குளிருக்கு அஞ்சி ஒடுங்கிக் கிடக்கையில், நீர் உறையும் நிலைக்குச் சற்று மேற்பட்ட தட்பத்திலும் இவை இரை தேடி உலவும். கோடை வந்தாலோ புற்றின் வாயை அடைத்துக்கொண்டு மண்ணின் ஆழத்தில் தங்கிவிடும். இளம் வேலையாட்கள் தம் உடலில் சேமித்த கொழுப்பே அப்போது குஞ்சுகளுக்கு உணவு. இவ்வாறு வளரும் ஆண்களும் அரசிகளும் குளிர்காலம் வருமுன்னரே முழு வளர்ச்சி பெற்று, அக்காலம் முழுவதும் புற்றினுள்ளேயே காத்திருக்கின்றன. ஆகவேதான் வசந்தத்தின் முதல் வெப்ப நாளிலேயே அவற்றால் பறக்க முடிகின்றது.

அந்த நாளின் அறிகுறிகள் யாவை? பெரும்பாலும் மார்ச்சு அல்லது ஏப்ரல் மாதம், தெளிந்த வானம், மெல்லிய காற்று, உஷ்ணநிலை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸ். இவை கூடிய பிற்பகலில் வெறுந்தரையை நோக்க வேண்டும். முதலில் வேலையாட்கள் புற்றின் வாயில் பரபரப்புடன் திரளும். சிறிய கரிய ஆண்கள் வெளிப்பட்டு, புதர்களின் மேல் புகைபோலக் கூடிச் சுழலும். பின்னர், அவற்றினும் மிகப் பெரிய, இளம் பழுப்பு நிற அரசிகள் பறந்து அக்கூட்டத்தை அடையும்.

இத்தகைய அறிவு பொறுமையினால் விளைந்தது. மேரி டால்பட் என்ற அமெரிக்கக் கல்லூரி ஆசிரியை நான்கு வகை எறும்புகளின் பறப்புகளை ஒப்பிட்டு 1945-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புற்றருகே அமர்ந்து, கண்டதைக் கண்டவாறே குறித்து வைப்பதே இத்துறையின் அடிப்படை.

திருமணம் முடிந்ததும் ஆண்கள் மடிகின்றன. அரசியோ தன் சிறகுகளைத் தானே உதிர்த்து, மண்ணைக் குடைந்து, உள்ளிருந்து வாயிலை அடைத்துக் கொள்ளுகின்றது. இனிப் பறத்தல் இல்லை. ஆதலால் சிறகை இயக்கிய தசைகள் கரைந்து முதற் குஞ்சுகளுக்கு உணவாகின்றன. அன்று பெற்ற உயிரணுக்களே அதன் வாழ்நாள் முழுவதற்கும் போதுமானவை. எனினும் பறவைக்கும் சிலந்திக்கும் தப்பிக் குடி அமைக்கும் அரசிகள் மிகச் சிலவே. பலவற்றின் அழிவிலேதான் ஒரு புதிய குடி தோன்றுகின்றது.

நம் நாட்டில் இத்தகைய பறப்புகளுக்குப் பெரும்பாலும் மழையே அழைப்பு. மழைக்குப்பின் விளக்கை மொய்ப்பன யாவும் ஈசல் எனக் கொள்ளுதல் தவறு. ஈசல் கறையான் இனம், அதன் நான்கு சிறகுகளும் ஒரே அளவின, இடை பருத்தது, உணர்கொம்பு நேரானது. எறும்புக்கு முன்சிறகு நீண்டும் பின்சிறகு குறுகியும் இருக்கும், இடை ஒடுங்கியது, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியது.

மாணவர்களே, அடுத்த மழைக்கு ஒரு குறிப்பேட்டை ஆயத்தமாக வைத்திருங்கள். நாள், நேரம், உஷ்ணம், மழை, கண்ட உயிர் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். சில ஆண்டுகள் இடைவிடாது எழுதி வந்தால், உங்கள் ஊர் எறும்புகள் எந்நாளில் எழும் என்பதை அக்குறிப்பேடே உங்களுக்கு அறிவிக்கத் தொடங்கும்.